கத்திரி-2

என் அக்காவுக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது. நான் அதற்கு அப்புறம்தான் பிறந்தேன். மூடியிருக்கும் ஊசி டப்பாவையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் மறுபடி மூடுவாள். வீட்டிலேயே உடை வரைந்து தைத்துக் கொடுக்கிறாள், கெட்டிக்காரி. ஆனால் தான் வரைந்ததை யாரோ சுட்டுவிடுவார்கள் என்ற பயம் மட்டும் அவளை விடாது.

அந்த வீட்டில் மூன்று கம்ப்யூட்டர், மூன்றும் மூன்று ரகம். அக்காவுடையது மேக், அதற்குக் கத்திரி என்று பேர் வைத்திருந்தாள். அத்தானுடையது விண்டோஸ், துணிமேல் வைத்து வெட்டும் வெட்டுத்தாளை அச்சடிக்கும் பெரிய பிரிண்டர் அதில்தான் இருக்கிறது. மருமகளுடையது லினக்ஸ், பேர் குருவி. வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்களின் பேர் அத்தானின் திரையில் வரிசையாக நிற்கும்; கத்திரியைத் தட்டினால் அக்காவின் படங்கள் திறக்கும்.

ஒரு நாள் கடைத்தெருவில், தான் வரைந்த கழுத்து வெட்டு மாதிரியே ஒன்று கண்ணாடிக்குப் பின்னால் தொங்குவதைப் பார்த்துவிட்டாள். "காத்துல போறதை எவ வேணாலும் புடிச்சிக்குவா" என்று வைஃபை மேல் பழி போட்டு, தானே ஒரு கேபிளை இழுத்துக் கத்திரியில் சொருகினாள்.

மறுநாள் நான் அங்கே இருந்தபோது அத்தான் அக்காவைக் கூப்பிட்டார். "கத்திரி திறக்க மாட்டேங்குதே! கத்திரி-2ன்னு என்னமோ புதுசா நிக்குது."

போதாதா? மகன் வெளியூர் வேலையில். மிச்சம் யார்? வந்து ஒரு வருஷம்கூட ஆகாத மருமகள், எப்போதும் கறுப்புத் திரையில் எதையோ தட்டிக்கொண்டிருப்பவள்.

"என் மெஷினுக்கே நகல் போட்டிருக்கா. திருடி!" என்றாள் அக்கா, அவள் முகத்துக்கு நேரே.

"வாயைக் கழுவுக்கா!" என்று கத்தினேன். யார் கேட்டது?

மருமகள் அழவில்லை. பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தாள். பிறகு திரும்பி வந்து, "அத்தை, உங்க கம்ப்யூட்டரை அணைங்க" என்றாள்.

அணைத்ததும் அத்தானின் திரையில் கத்திரி-2 காணாமல் போனது. போட்டதும் வந்து நின்றது.

"கேபிள் சொருகினீங்க, வைஃபையை அணைக்கலை. ஒரே மெஷின் ரெண்டு வழியா 'நான்தான் கத்திரி'ன்னு சொல்லுது. தன் குரலையே வேற ஆளுன்னு நெனச்சு, பேருக்குப் பின்னாடி ரெண்டு போட்டுக்கிச்சு" என்றாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே பேயும் அக்காவேதான். எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

மருமகள் வைஃபையை அணைத்து, பேரைப் பழையபடி கத்திரி என்று மாற்றிக் கொடுத்தாள். "தெரியாமச் சொல்லிட்டேம்மா, உள்ள வா" என்று அக்கா அவள் கையைப் பிடித்தாள்.

"மெஷினுக்குத் தன்னைத் தெரியலை, போகட்டும். இத்தனை நாள் கூடவே இருந்தேனே, உங்களுக்கு என்னைத் தெரியலையா அத்தை?" கையை விடுவித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

இப்போது அத்தான் தட்டினால் கத்திரி உடனே திறக்கிறது. அக்கா அவர் பின்னால் வந்து நின்று, திரையில் குருவி வந்திருக்கிறதா என்று பார்க்கிறாள்.