பிரதீபா தாண்டவிட்ட காட்சி

வரிச்சிக்குடி பிரதீபாவுக்குப் பொய் சொல்ல வராது. அப்படிப்பட்டவள் நுஸ்ரத்திடம் ஒரே ஒரு பொய் சொன்னாள் பாருங்கள், அதுதான் அவளை இன்றைக்கும் போட்டு ஆட்டுகிறது.

பகலில் காரைக்காலில் கணக்கு வேலை. மற்ற நேரமெல்லாம் கதை விளையாட்டுதான். திரையில் படம் வரும், கீழே வசனம் ஓடும், அடுத்து என்ன செய்வதென்று நடுநடுவே நம்மைக் கேட்கும். கம்ப்யூட்டருக்கென்று வந்த பழைய கதைகளுக்குப் பேட்ச் என்கிற ஒட்டுவரிகள் போட்டு, ஆண்ட்ராய்டு போனைக் கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கவைக்கும் எமுலேட்டர் வழியாக ஓட வைப்பாள். எந்தக் காட்சியில் போன் திணறுகிறதோ, அதைத் தாண்டிப் போகும்படி ஒரு வரி எழுதிவிடுவாள்.

அவளுடைய கல்லூரித் தோழி நுஸ்ரத்துக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. படுத்தபடி போன் பார்ப்பாள், அவ்வளவுதான். ஒரு கதையைப் பேர் சொல்லிக் கேட்டாள். பிரதீபா ஓட்டிப் பார்த்தால், கடைசியில் நாயகி நோயில் சாகிறாள். அதற்கு முன் அம்மாவிடம் விடைபெறுகிறாள். போன் எங்கும் திணறவில்லை. ஐயோ, இதையா அவள் கையில் கொடுப்பது? நல்லது செய்கிறேன் பேர்வழி என்று அந்தக் காட்சியைத் தாண்டவிட்டு, நாயகி பிழைக்கும் முடிவில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். நடுவில் ஏதோ விட்டுப்போயிருக்கிறதே என்று நுஸ்ரத் கேட்டதற்கு, ஒரு காட்சி போனில் ஓடவில்லை என்றாள். நல்லது செய்யச் சொல்லி இவளை யார் கேட்டது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் நுஸ்ரத் கூப்பிட்டாள். கோபப்படவில்லை, அதுதான் கொடுமை.

"அவ செத்துப்போவான்னு தெரிஞ்சுதாண்டி கேட்டேன். டாக்டரு கைய விரிச்சிட்டாரு. உம்மாவுக்கு இன்னும் தெரியாது. அந்தப் பொண்ணு அம்மாகிட்ட எப்படிச் சொல்றான்னு பாக்கணும். எப்படியாச்சும் ஓட வைக்க முடியுமா?"

பிரதீபா அப்போதும் பொய்யை ஒப்புக்கொள்ளவில்லை. முடியும் என்று மட்டும் சொன்னாள். எழுதிய அந்த ஒரு வரியை எடுத்தால் போதும். எடுத்தாள். மறுநாள் லீவு சொல்லிவிட்டு, திருத்திய கதையோடு நுஸ்ரத் வீட்டுக்கு பஸ் ஏறினாள்.

நுஸ்ரத் அதைப் பார்க்கப் போனைத் திறக்கவே இல்லை. "வேணாண்டி. டாக்டரு என்ன சொன்னாருன்னு நேத்து சாயங்காலம் உம்மாவே கேட்டுட்டாங்க. என்னென்னமோ உளறிட்டேன்."

"அந்தக் காட்சி அப்பவே ஓடிச்சு நுஸ்ரத். நாந்தான் மறைச்சேன்."

நுஸ்ரத் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்படியே, உம்மா அடுப்படியில் இருக்கிறார், போய்ப் பார் என்றாள்.

போனாள். காய் நறுக்கிக்கொண்டிருந்த உம்மா இவளைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்தார்.

"நீ படிச்ச புள்ள, சொல்லும்மா. எம்மவ நேத்து என்னமோ சொன்னா. எனக்கு ஒண்ணும் வெளங்கல. அவளுக்குச் சரியாயிடும்தானே?"