பசியாறியாச்சா, ரசீது வேண்டுமா

நார்வேயில் மூன்று ஆண்டு வேலை. அங்கே பேரங்காடிக் கல்லாவில் இருப்பவர் கேட்பது ஒரே கேள்வி: ரசீது வேண்டுமா? "வேண்டாம், நன்றி" என்பேன். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் அடைத்துவிடும்; சனிக்கிழமை பால் வாங்க மறந்தால் மறுநாள் கடுங்காப்பிதான். தனியாளான எனக்குச் சில நாள்களில் அந்த ரசீதுக் கேள்வி மட்டுமே மனிதக் குரல். குளிர்காலத்தில் அதைக் கேட்பதற்காகவே ஒற்றை வாழைப்பழம் வாங்கப் போயிருக்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

வேலை முடிந்து சொந்த ஊரான ஆயர் ஈத்தாமில் அம்மா இருக்கும் அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்பிய மறுநாள் காலை, கீழே உள்ள மளிகைக் கடைக்கு இறங்கினேன். கடைக்கார அக்கா சாதாரணப்பட்டவர் அல்ல. நான் இல்லாத காலத்தில், அம்மா ரொட்டி வாங்க இறங்கி வராத நாளெல்லாம் நான்கு மாடி ஏறிக் கதவைத் தட்டிப் பார்த்தவர். அம்மா காய்ச்சலில் கிடந்தபோது கிளினிக்குக்கு அழைத்துப் போனவரும் அவர்தான்.

முட்டையையும் ரொட்டியையும் மேசையில் வைத்தேன். அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"வந்துட்டியா தம்பி! பசியாறியாச்சா?"

"வேண்டாம், நன்றி" என்றேன்.

பழக்க தோஷம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்னது எனக்கே உறைக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மாலையில் அம்மா பிடித்துக்கொண்டார்.

"அக்காகிட்ட என்னடா சொன்னே? மூஞ்சி கொடுத்தே பேச மாட்டேங்கிறாங்க லா. வெளிநாடு போய்ட்டு வந்து தலைக்கனம் ஏறிடுச்சான்னு கேக்கிறாங்க."

காலையில் சொன்னது அப்போதுதான் உறைத்தது. கூனிக் குறுகிப் போனேன். யாரிடம் போய் அப்படிச் சொல்லியிருக்கிறேன்!

மறுநாள் ஏழு மணிக்கே இறங்கினேன். அக்கா சாமானைப் பையில் போட்டார். ஒன்றும் கேட்கவில்லை. நானும் நகரவில்லை.

"இன்னும் என்ன?"

"பசியாறியாச்சான்னு கேக்க மாட்டீங்களாக்கா?"

"நீதான் வேணாம்னுட்டியே."

ரசீதுக் கதையைச் சொன்னேன்.

"வேற ஒண்ணுமே கேக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்கக்கா."

"மூணு வருஷமாவா?"

அக்கா பையை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, ஒன்றும் நடக்காததுபோலக் கேட்டார்.

"பசியாறியாச்சா தம்பி?"

அம்மா சுட்ட நான்கு தோசை வயிற்றில் இருந்தது.

"இன்னும் இல்லக்கா" என்றேன்.

தனக்கென்று வைத்திருந்த நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். அங்கேயே நின்று, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.