வயதுக்கு வராத எலும்பு

போளூரிலிருந்து மலையேறும் பேருந்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வளைவில் சக்கரம் குழியில் இறங்கி ஏறியது. நாங்கள் எல்லோரும் எம்பி விழுந்தோம். பக்கத்திலிருந்த பெண், "இன்னா டிரைவரே, பஸ்ஸுல கீறது மனுசங்களா, புளி மூட்டைங்களா?" என்று கத்த, பேருந்தே சிரித்தது. ஜமுனாமரத்தூரில் எல்லோரும் இறங்கினார்கள். என்னால் எழ முடியவில்லை.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்குப் போன முதல் ஆள் நான். கணிதத்தில் பட்டம் பெற்று, மலையிலேயே ஒரு பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அப்பாவைவிட உயரம். அந்த உயரத்தில் எனக்குக் கர்வமும் உண்டு.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரேயில், முதுகெலும்பில் அடுக்கியிருக்கும் எலும்புக் கட்டைகளில் இரண்டு நசுங்கியிருந்தன. ஒரு குழிக்கு இளம்பெண்ணின் எலும்பு இப்படி ஆகாது என்று, இயக்குநீர் (உடலுக்குள் சுரந்து ரத்தத்தில் செல்லும் வேதிப்பொருள்) கோளாறுகளைப் பார்க்கும் மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி: "கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சீங்க?"

"போன வாரந்தாங்க," என்றாள் அம்மா, நான் வாய் திறக்கும் முன்பே.

அந்தப் பதில் எனக்குப் பழக்கமானது. விடுதியில் படிக்கும்போதே நான் பெரியவளாகிவிட்டதாக அம்மா ஊரில் சொல்லியிருந்தாள். எங்கள் ஊரில் மாதவிடாய் நாட்களில் பெண்கள் ஊருக்கு வெளியே தனிக் குடிசையில் தங்குவார்கள். ஒவ்வொரு விடுமுறையிலும் என்னையும் அங்கே அனுப்புவாள். ஒன்றும் வராமலேயே நான் அங்கே உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். சிலருக்குத் தாமதமாகும் என்று நம்பியிருந்தேன்.

இந்த முறை நான் பேசினேன். "இல்ல டாக்டர். இதுவரைக்கும் ஒரு தடவைகூட வரல."

அவர் என் இடது கையை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தில் எலும்பு நுனிகளுக்கருகே மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரிந்தன. வளரும் பிள்ளைகளுக்கு இருக்கும் இடைவெளி அது. என் வயதில் மூடியிருக்க வேண்டும்.

"எலும்பும் வயசுக்கு வரணும்மா. உங்க கைக்குப் பதிமூணு வயசு. முதுகுக்கு எழுபது."

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். எலும்பில் பழையதை அரித்தெடுக்கும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் ஓயாமல் வேலை செய்கின்றன. அவற்றுக்குள் ஏற்பிகள் (இயக்குநீர் வந்து பொருந்தும் புரதங்கள்) இருக்கின்றன. கருமுட்டை உண்டாகும் சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் (பெண்பால் இயக்குநீர்) அங்கே பொருந்தினால் அரிப்பவை அடங்கும், கட்டுபவை நீடிக்கும், உரிய காலத்தில் வளர்ச்சியும் நிற்கும். ஆண்களின் எலும்புக்கும் இது வேண்டும். அவர்களுடைய இயக்குநீரில் ஒரு பகுதி இதுவாக மாறிக்கொள்கிறது.

என் ஏற்பிகளில் குறையில்லை. சினைப்பைகள்தாம் பிறவியிலேயே வளராதவை. ஏற்பிகளுக்கு வந்து பொருந்த எதுவும் இல்லை. நான் கர்வப்பட்ட உயரம், போதும் என்று சொல்ல ஆளில்லாமல் நீண்ட எலும்பு.

வராந்தாவில் அம்மாவிடம், "டாக்டர்கிட்டயும் ஏம்மா பொய் சொன்ன?" என்று கேட்டேன்.

"வேற இன்னா பண்ணச் சொல்ற? இத்தினி வயசாகியும் பெரியவளா ஆவலன்னு தெரிஞ்சா, படிப்பாலதான் இப்பிடின்னு உங்கப்பன் வூட்டாளுங்க அன்னிக்கே உன்ன ஆஸ்டல்லேந்து இட்டாந்திருப்பாங்க. படிக்கணும்னு நீதான டீ அழுத?"

பதினைந்து, பதினாறு வயதில் சிகிச்சைக்கு வந்திருந்தால் எலும்பு நிரம்பியிருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அம்மாவின் பொய் இல்லாவிட்டால் எனக்கு இதை எழுதத் தெரிந்திருக்காது. இரண்டும் உண்மை. ஒன்று மற்றதை ஆற்றவில்லை.

பதினைந்து தாண்டியும் மாதவிடாய் வராத மகள் வீட்டில் இருந்தால், காத்திருக்காதீர்கள். அழைத்துப் போங்கள்.

ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைச் சிறிய அளவில் தொடங்கினார்கள். மெல்லக் கூட்டி, பிறகு புரொஜெஸ்டிரோன் (கருப்பையின் உள்தோலைச் சீராக உதிரச் செய்யும் இயக்குநீர்) சேர்த்தார்கள். உதிரம் வந்த அன்று அம்மா அழுதாள்.

"வந்துச்சில்ல, இனிமே மாத்திர எதுக்கு?"

"மாத்திரையாலதான் வந்துச்சும்மா. வுட்டா நின்னுடும். எலும்பும் போயிடும். கருமுட்டை எனக்கு இல்லவே இல்ல."

நான் மாத்திரையை விடவில்லை.

பிறகு எடுத்த ஸ்கேனில் எலும்பின் அடர்த்தி கொஞ்சம் ஏறியிருந்தது. முப்பது வயதுவாக்கில் எலும்பில் சேர்ந்திருப்பதுதான் ஆயுளுக்கும் கையிருப்பு, முழுதாக நிரம்புவது கடினம் என்றார் மருத்துவர். நசுங்கிய கட்டைகள் நிமிராது.

இந்த ஆண்டு அம்மாவுக்கு மாதவிடாய் நின்றுவிட்டது. சாமையை மூட்டையில் அள்ளிக்கொண்டே கேட்டாள்: "இனிமே எனக்கும் எலும்பு கரையுமா?"

"கரையும்மா. ஆனா உனக்குக் கரையறதுக்கு நெறைய கீது."

அவள் மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டாள். நான் தூக்கக் கூடாது.

அவள் இப்போதுதான் நுழையும், ஈஸ்ட்ரோஜன் இல்லாத பருவத்தில் நான் சிறுமியாக இருந்தபோதிலிருந்து குடியிருக்கிறேன். காலையில் ஒருக்களித்து, கையை ஊன்றி, முதுகு சம்மதிக்கும்வரை காத்திருந்து எழுகிறேன். அதற்குள் அம்மா நிலத்துக்குப் பாதி தூரம் போய்விடுகிறாள்.