அகஸ்டினாவும் ஐந்து அங்குல முலினேவும்

அகஸ்டினா சுற்றிய நூலில் குறை கண்டவர் கிடையாது. மில்லில் பன்னிரண்டு வருடமாகப் பாபின் என்கிற கட்டையில் நூல் சுற்றுகிறவள். மேஸ்திரி வரிசையாக நடந்து வந்து ஒவ்வொரு பாபினிலும் கட்டைவிரலை ஓட்டிப் பார்ப்பார். விளிம்பும் நூலும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். விரல் எங்காவது பள்ளத்தில் இறங்கினால் பாபின் திரும்பி வரும். அகஸ்டினாவின் பாபின் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. கடைசியில் மேஸ்திரி அவளுடைய இடத்துக்கு வந்தால் மட்டும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கடந்துபோகத் தொடங்கினார். அவள் குடியிருந்த உப்பளம் பேட்டையில் தெரு முழுக்க இந்தச் சங்கதி தெரியும். சொன்னது அவளேதான்.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட அந்த ஊரில் 1937-இல் எட்டு மணி நேர வேலை வந்தது. மில் ஆட்களுக்குச் சாயங்காலம் என்று ஒன்று கிடைத்தது. மற்ற பெண்கள் பூ தொடுத்தார்கள், கடற்கரைக்குப் போனார்கள், தூங்கினார்கள். அகஸ்டினா, கடலுக்குள் நீளும் கடற்பாலத்துக்கு அருகில் இராமதாஸ் வைத்திருந்த கடைக்குப் போனாள்.

கப்பல்காரர்களுக்கும் ஆபீஸ்காரர்களுக்கும் விளக்கு, கத்தி, கயிறு, தூண்டில் கோல் எல்லாம் விற்கிற கடை அது. கண்ணாடிப் பெட்டிக்குள் பித்தளைச் சக்கரங்கள் மூன்று அளவில் இருந்தன. நாலு அங்குலம், ஐந்து அங்குலம், ஆறு அங்குலம். கோலின் அடியில் பொருத்துகிற இந்தச் சக்கரத்தை ஊரில் பிரெஞ்சுப் பெயரிலேயே முலினே என்றார்கள். இரண்டு பக்கத் தகடுகளையும் குறுக்குக் கம்பிகள் பிடித்திருக்கும், நடுவில் நூல் சுற்றியிருக்கும். மீன் இழுத்தால் சக்கரம் சுழன்று நூலை விடும். கைப்பிடியைத் திருப்பினால் நூல் திரும்பி வரும். வாங்கியவர்களுக்கு லினன் நூல் சுற்றிக் கொடுப்பது அகஸ்டினாவின் வேலை.

அவளுக்கு வேண்டியது அந்த வேலை அல்ல. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நிற்கிற வேலை. பஞ்சுத் தூசியில் வந்த இருமல் ஒரு காரணம். இன்னொன்றை அவள் வெளியே சொன்னதில்லை. பன்னிரண்டு வருடத்தில் மில்லில் ஒருத்தரும் அவளிடம் "நீ என்ன நினைக்கிறே?" என்று கேட்டதில்லை. இங்கே பெட்டிக்குப் பின்னால் நிற்பவரிடம் நாள் முழுக்க அதைத்தான் கேட்டார்கள்.

"பொம்பள சொன்னா எவன் முலினே வாங்குவான்?" என்றார் இராமதாஸ், அவள் அந்த இடத்தைக் கேட்டபோது.

"வாங்குனா?"

இராமதாஸ் யோசித்தார். வாங்கிய முலினேக்களை அளவு சரியில்லை என்று ஆட்கள் திட்டிக்கொண்டே திருப்பிக் கொண்டுவருவது அவருக்கும் தலைவலிதான். "கோர்ட்டு எழுத்தர் அலெக்சாண்டர் ஒண்ணு கேட்டிருக்காரு. ஊர்லயே பெரிய வாய். நீ எடுத்துக் குடுக்கறதுல அவரு மீன் புடிச்சிட்டு வந்தாருன்னா, பெட்டி உன்னுது. இல்லன்னா மில்லோட நிறுத்திக்கணும்."

அலெக்சாண்டர் அடுத்த நாளே வந்தார். வெள்ளைச் சட்டை, கைத்தடி, குச்சி போல மணிக்கட்டு.

"ஆறு அங்குலத்தை எடு," என்றார். "எங்க பெரிய ஆபீசர் அஞ்சு வச்சிருக்கார். நான் அதுக்குக் கீழ போக முடியுமா?"

"மீன் ஆபீசைப் பாத்தா கடிக்குது, முசியே? அது எவ்ளோ தூரம் ஓடும்னு பாருங்க," என்றாள் அகஸ்டினா. ஐயா என்பதை ஊரில் முசியே என்பார்கள்.

ஓடுகிற தூரத்தை அவள் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தாள். வம்பாக்கீரப்பாளையத்து மீனவர் கன்னியப்பன் சொல்லியிருந்தார். பாலத்திலிருந்து பிடிக்கிற பெரிய பாரை, மிஞ்சிப் போனால் நூறு மீட்டர் ஓடும். நூற்றைம்பது மீட்டர் நூல் தாராளம். நாலு அங்குல முலினே சரியாக அவ்வளவு கொள்ளும் என்று டப்பாவுக்குள் இருந்த காகிதத்தில் அச்சிட்டிருந்தது. அலெக்சாண்டரின் மணிக்கட்டுக்கும் அதுதான் பாரமில்லாதது.

அகஸ்டினா சுற்றினாள். விளிம்போடு விளிம்பாக, கண்ணாடி போல. கட்டைவிரலை ஓட்டிப் பார்த்த இராமதாஸ், "சக்கரத்தோட வார்த்த மாதிரி இருக்கு," என்றார். அலெக்சாண்டர் ஆறு அங்குலத்தை ஏக்கத்தோடு பார்த்துவிட்டு நாலோடு போனார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பாலத்தில் கூட்டம். வேர்க்கடலைக்காரரிலிருந்து துறைமுகப் போலீஸ்வரை எல்லோரும் இருந்தார்கள். அகஸ்டினாவும் போயிருந்தாள். அரை மணி நேரத்தில் கோல் வளைந்தது.

"பாரை! பாரை!" என்று கத்தினார்கள்.

மீன் ஓடியது, சக்கரம் பாடியது. மீன் களைத்து நின்றதும் அலெக்சாண்டர் கண்ணைக் கடலில் வைத்துக்கொண்டு கைப்பிடியைச் சரசரவென்று திருப்பினார். பாதி நூலுக்கு மேல் வந்துவிட்டது. அப்போது சக்கரம் நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. கீழே மீன் இன்னொரு தடவை ஓடப் புறப்பட்டது. இறுகிய சக்கரம் நூலை விடவில்லை. பட்டென்று அறுந்தது.

"தொரை மீனுக்குக் கயிறு தானம் பண்ணிட்டாரு!" என்றார் கன்னியப்பன். பாலம் முழுக்கச் சிரித்தது.

அலெக்சாண்டர் முலினேயை அகஸ்டினாவின் கையில் திணித்தார். "உன் பேச்சைக் கேட்டேன் பாரு."

அவள் அங்கேயே நின்று கட்டைவிரலை ஓட்டினாள். நூல் ஒரு பக்கம் மேடு கட்டி, குறுக்குக் கம்பியில் போய் இறுகிக் கிடந்தது. ஈர நூலைக் கிள்ளிப் பார்த்தாள். உலர்ந்த நூலைவிடத் தடிமனாக இருந்தது. மில்லில் நூல் நனையாது. சுற்றுகிற கை அவளுடையது. இங்கே நூல் கடல் தண்ணீரைக் குடித்து உப்பி வருகிறது. சுற்றுகிறவரோ மீனைப் பார்த்துக்கொண்டு சுற்றுகிறார். டப்பாவிலிருந்த காகிதம் உலர்ந்த நூலுக்குக் கணக்குச் சொன்னது. அவள் மில்லுக்குச் சுற்றியிருக்கிறாள், கடலுக்கு அல்ல. எந்த மட்டத்தைக் காட்டிப் பன்னிரண்டு வருடம் தலைநிமிர்ந்து நடந்தாளோ, அந்த மட்டம்தான் மீனை விட்டுவிட்டது.

"முடிஞ்சுது இல்ல?" என்றார் இராமதாஸ் கடையில். அலெக்சாண்டரும் இருந்தார், ஆறு அங்குலத்தைக் கையில் வைத்துக்கொண்டு.

"தப்பு என்னுது, மொதலாளி," என்றாள் அகஸ்டினா. "ரொப்பி சுத்துனது தப்பு. இன்னொரு ஞாயித்துக்கெழமை குடுங்க. முசியே, சனிக்கெழமை சாயங்காலம் வந்து நீங்களே சுத்தணும். அப்பவும் ஆறுதான் வேணும்னா எடுத்துக்குங்க. நானும் மில்லோட நின்னுக்கறேன்."

சனிக்கிழமை கடை வாசலில் இரண்டு வாளி கடல் தண்ணீர் வந்து இறங்கியது. அகஸ்டினா நூலை முழுவதும் ஊறப் போட்டாள். அலெக்சாண்டரை நாற்காலியில் உட்கார வைத்து அவருடைய கோலையே கையில் கொடுத்தாள். மீன் வேண்டுமே? சிரித்த பாவத்துக்குக் கன்னியப்பனைப் பிடித்து வந்திருந்தாள்.

"நான் மீனா?" என்றார் கன்னியப்பன்.

"பாரை, அண்ணே. பெரிய பாரை. நூலைப் புடிச்சிட்டுத் தெருக்கோடிவரைக்கும் ஓடுங்க."

கன்னியப்பன் ஓடினார். மாட்டுவண்டிக்காரர் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தார். தெருக்கோடியிலிருந்து, "தொரை, இழு பாக்கலாம்!" என்று குரல் வந்தது. அலெக்சாண்டர் திருப்பினார். முதலில் ஆறு அங்குலம். நூலுக்கு ஏராளமாக இடம் இருந்தது. ஆனால் அதன் பித்தளை அடிக்கட்டை அவருடைய கோலின் வளையத்துக்குள் சரியாக நுழையாமல் ஆடியது. இரண்டாவது ஓட்டத்தில் கோல் நுனி தரையைப் பார்த்தது.

"மீன் தூங்கிடும் போலிருக்கே!" என்று தெருக்கோடி கத்தியது.

"கை கடுக்குது," என்றார் அலெக்சாண்டர், யாருக்கும் கேட்காதபடி.

அடுத்தது ஐந்து அங்குலம். அதே நூற்றைம்பது மீட்டர். கன்னியப்பன் நாலு தடவை ஓடினார். அலெக்சாண்டர் வேண்டுமென்றே கோணல்மாணலாகச் சுற்றினார், அகஸ்டினா அப்படித்தான் சுற்றச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் நூல் மேடு கட்டியது. ஒவ்வொரு தடவையும் மேட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் அவளுடைய சுண்டுவிரல் நுழைந்தது. சக்கரம் நிற்கவே இல்லை.

"அஞ்சு," என்றாள் அகஸ்டினா. "வாய் ரொம்பாம."

அலெக்சாண்டர் முலினேயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அகஸ்டினா உலர்ந்த புது நூலைச் சுற்றி முடித்தபோது விளிம்புக்குக் கீழே பெரிய பள்ளம். "பாதி வயித்தோட இருக்கே. பாக்கறவங்க நூல் வாங்க வக்கில்லன்னு நெனைப்பாங்க. இன்னும் கொஞ்சம் சுத்தேன்."

அவளுக்கு மட்டும் ஆசை இல்லையா? அவள் கையிலிருந்து பள்ளத்தோடு ஒரு சக்கரம் வெளியே போவது இதுதான் முதல் தடவை. மேஸ்திரி பார்த்தால் என்ன சொல்வார் என்று கட்டைவிரல் கூசியது.

"ஒரு சுத்துகூடக் கெடையாது, முசியே. சிரிச்சா நான் சுத்துனதுன்னு சொல்லுங்க."

சிரித்தார்கள். மறுநாள் பாலத்தில் முலினேயைப் பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். "தவக்காலமா, முசியே? முலினே ஒருசந்தி விரதம் இருக்குதா?" என்று ஒருவர் கேட்டார். அலெக்சாண்டர் அகஸ்டினா நின்ற பக்கம் கையைக் காட்டினார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அசையாமல் நின்றாள். இராமதாஸ் அவளுக்குப் பக்கத்தில் வேர்க்கடலையை உரித்து உரித்துத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தார்.

ஐந்தேகால் மணிக்குக் கோல் வளைந்தது. மீன் ஓடியது, நின்றது, வந்தது. அலெக்சாண்டர் போன வாரம் போலவே கடலைப் பார்த்துக்கொண்டுதான் சுற்றினார். போன வாரம் போலவே நூல் ஒரு பக்கமாக மேடு கட்டியது. மீன் திடீரென்று திரும்பி இரண்டாவது ஓட்டம் பிடித்தது.

சக்கரம் சுழன்றது. தடையில்லாமல், பாடிக்கொண்டே.

மூன்றாவது ஓட்டம், நாலாவது ஓட்டம். பிறகு பாரைக்கு ஓட்டம் இல்லை. கன்னியப்பன் கயிற்றில் கட்டிய கொக்கியைப் பாலத்திலிருந்து இறக்கி மீனைத் தூக்கினார். பலகையில் விழுந்து துள்ளிய அதை ஒரு கையால் தூக்க அலெக்சாண்டரால் முடியவில்லை.

"நேத்து நான் ஓடுன ஓட்டம்தான் இது," என்று கன்னியப்பன் கூட்டத்துக்கு அறிவித்தார். "எனக்கும் பங்கு இருக்குது."

கூட்டம் மீனை விட்டுவிட்டு முலினேயை மொய்த்தது. என்ன அளவு? எங்கே வாங்கினீர்கள்? ஆறு அங்குலம் இன்னும் நல்லதா?

அலெக்சாண்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "என்னைக் கேக்காதீங்க. அவங்களைக் கேளுங்க."

அதுவரை அவளை நீ என்று மட்டுமே சொன்ன வாய் அது. அகஸ்டினா அதைக் கவனித்தாள், இராமதாஸும் கவனித்தார். அவர் உரித்த கடலை முழுவதையும் ஒரே வாயில் போட்டுக்கொண்டு, "நாளையிலேருந்து பெட்டிச் சாவி உன்கிட்ட," என்றார்.

மில்லில் சொல்லிவிட்டு வர ஒரு வாரம் வேண்டும் என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கனத்த உடம்புக்காரர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றார்.

"எனக்கும் அஞ்சுதான் சரியா வருமா? நீங்க என்ன நெனைக்கறீங்க?"

அகஸ்டினா அவசரப்படவில்லை. பன்னிரண்டு வருடம் காத்திருந்த கேள்வி, ஒரு நிமிடம் நின்றுகொண்டிருக்கட்டும்.

"அஞ்சா ஆறான்னு அப்பறம் பாக்கலாம்," என்றாள். "மொதல்ல கையை நீட்டுங்க. மணிக்கட்டைக் காட்டுங்க."