பூஜையில் வைத்த பதிவேடு

செவ்வாய், மதியம் 1.20. சென்னையிலிருந்து ஏறத்தாழ ஆயிரத்து நூறு கிலோமீட்டர், பத்தொன்பது மணி நேரம், மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியில் ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் ரூபாய். இவ்வளவும் செலவழித்துப் புணே ரயில் நிலையத்தில் இறங்கினேன். ரயில் ஐம்பது நிமிடம்தான் தாமதம். அதற்காகப் பக்கத்து இருக்கைக்காரர் ரயில்வேயை மனமாரப் பாராட்டினார்.

வந்த காரியம் இரண்டு. ராஸ்தா பேட்டையில் ஒரு தமிழர் சங்கம் இருக்கிறது. சரஸ்வதி பூஜையன்று மாலை அங்கே நான் நகைச்சுவையாகப் பேச வேண்டும். என் பேச்சு நகைச்சுவையானது என்பது அழைப்பிதழ் அச்சடித்தவர்களின் கருத்து. அரங்கத்தில் உட்கார்ந்தவர்கள் இதுவரை பொதுவாக நடுநிலை வகித்திருக்கிறார்கள். பழைய ஆவணங்களைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவன் என்பதால், இரண்டாவது காரியத்தில்தான் எனக்கு உண்மையான ஆசை. சங்கக் கட்டடத்தில் ஒரு காலத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடந்தது. பள்ளியை மூடி வெகு காலமாகிவிட்டது. மாணவர் சேர்க்கைப் பதிவேடுகள் ஆறு மட்டும் மாடியறையில் மிச்சம் இருக்கின்றன. செயலாளர் ராமசேஷன் போனில் சொல்லியிருந்தார்: "புதன்கிழமை பதினோரு மணிக்கு வாங்கோ. ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டறேன்."

நிலையத்திலிருந்து விடுதிக்கு இரண்டு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நூற்றிருபது கேட்டார். நான் எனக்குத் தெரிந்த ஹிந்தி முழுவதையும் திரட்டி, "மீட்டர்" என்றேன். அவர் மீட்டரைப் பரிவோடு பார்த்துவிட்டு, "அங்கிள், அது ஷோவுக்கு" என்றார். எண்பதில் முடிந்தது.

செவ்வாய், மாலை 3.30. மறுநாள்வரை சும்மா இருப்பானேன் என்று, நகரத்தில் பழைய அரசு ஆவணங்களைப் பாதுகாக்கும் ஒரு கட்டடத்துக்குப் போனேன். இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கும் இரும்பு அலமாரிகள். ஒவ்வொரு தட்டிலும் துணியில் கட்டிய மூட்டைகள். சலவைக்குப் போய்விட்டு வந்த துணிமூட்டைபோல இருக்கும் இவற்றை ருமால் என்கிறார்கள். துணி காற்றை விடும், பூச்சியை விடாது. பெட்டியைவிட நல்லது என்று அங்கிருந்த ஊழியர் விளக்கினார். என் முகத்தில் தெரிந்த அறிவுத்தாகத்தை நம்பி, பார்வையாளருக்குக் காட்டுவதற்கென்று வைத்திருந்த தாள் ஒன்றையும் மேஜைமேல் வைத்தார். பழைய மராத்தி எழுத்து. ஒரே கோட்டில் நூறு தூண்டில் முட்களைத் தொங்கவிட்டதுபோல் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அவ்வப்போது தலையசைத்தபடி கால் மணி நேரம் பார்த்தேன். ஊழியர் மெல்ல வந்து, "ஐஸே, ஸாஹேப்" என்று தாளைத் திருப்பி வைத்தார். அதுவரை தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

புதன், காலை 10.50. சங்கத்தின் மாடியறைக்கு இருபத்திரண்டு படிகள். செயலாளர் ராமசேஷன் எழுபதைத் தாண்டியவர். ராணுவக் கணக்குத் துறையில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். கும்பகோணத்துப் பேச்சு அப்படியே இருக்கிறது. அந்த ஆறு பதிவேடுகள் இன்று இருப்பதற்கு அவர்தான் காரணம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கட்டடத்துக்கு வெள்ளையடித்தபோது பழைய பேப்பர்க்காரனிடம் போக இருந்தவற்றைப் படியிலேயே மறித்து எடுத்துவந்தவர். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வெயில் படாத காற்றில் உலர்த்துகிறார், வசம்பு வைக்கிறார், சிவப்புத் துணி மாற்றுகிறார். ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் நாலைந்து பேரைப் பிடித்து ஸ்கேன் செய்யவும் வைத்திருக்கிறார். இரண்டு பதிவேடு முடிந்திருக்கிறது. ஞாயிறு பத்து முதல் பன்னிரண்டு வரை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். ஆவணம் அறையை விட்டு வெளியே போகக் கூடாது. விதி அவர் எழுதியது. எழுதியவரே காவலும் இருந்தார்.

அன்று அவர் வேஷ்டியில், நெற்றி நிறைய விபூதியோடு நின்றார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"அடடா! உங்களைப் புதன்கிழமைன்னா வரச் சொன்னேன்?"

அறையின் மூலையில் கோலம் போட்ட பலகை. அதன்மேல் சரஸ்வதி படம். படத்துக்கு முன்னால் ஆறு சிவப்பு மூட்டைகள் அடுக்கி, சந்தனம் குங்குமம் இட்டு, சாமந்தி சார்த்தி, பூஜை முடிந்து கற்பூரமும் அணைந்திருந்தது. "அதுவும் புஸ்தகம்தானே, இந்த வருஷம் பூஜைல வெப்போமேன்னு தோணித்து" என்றார். பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் புனர்பூஜை முடியும்வரை தொடக்கூடாது, படிக்கக்கூடாது. பள்ளி நாட்களில் மதம் விதித்த கட்டளைகளில் நான் மனப்பூர்வமாகக் கடைப்பிடித்தது இது ஒன்றைத்தான். ஆகையால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தேதி கேட்டு டிக்கெட் எடுத்தவன் நான். பூஜையன்று பேச வருகிறவனுக்கு அன்று பூஜை என்று தெரிந்திருக்க வேண்டாமா?

புதன், 11.15. படியில் செருப்பைக் கழற்றும் சத்தம். பிளாஸ்டிக் ஃபைலோடு ஒரு பெண் வந்தார், நாற்பத்தைந்து வயதிருக்கும். பெயர் மல்லிகா. கோந்த்வாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்.

"சார், கிடைச்சிடுச்சுன்னு போன் பண்ணீங்களே. புதன்கிழமை வான்னீங்க. லீவு போட்டுட்டு வந்துட்டேன்."

ராமசேஷன் மூட்டைகளைப் பார்த்தார். "அம்மா... இன்னிக்கு சரஸ்வதி பூஜை."

"தெரியும் சார். எங்க வீட்ல குக்கருக்கே பொட்டு வெச்சிட்டுதான் வந்துகிறேன்."

"எல்லாத்தையும் பூஜைல வெச்சுட்டேன். இன்னிக்கு எடுக்கப்படாது. நாளைக்குக் காலம்பற புனர்பூஜை ஆனதும் முதல் ஆளா உங்களுக்குத்தான்."

"நாளைக்கு தசரா சார். சர்ட்டிபிகேட் ஆபீஸ் பந்த்." அவர் குரல் உயரவில்லை. "இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள அசல காட்டலன்னா ஃபைல மூடிடுவாங்க. கவுன்டர் கிட்கில இருக்கற மேடம் மூணு தபா சொல்லிட்டாங்க. திரும்பப் போட்டா ஆறு மாசம். அதுக்குள்ள பொண்ணு வேலை போயிடும்."

விஷயம் இதுதான். மல்லிகாவின் மகள் அரசு மருத்துவமனையில் நர்ஸ் வேலைக்குத் தேர்வாகியிருக்கிறாள், ஒதுக்கீட்டு இடத்தில். அதற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். வெளி மாநிலத்திலிருந்து வந்த பட்டியல் சாதிக் குடும்பம், 1950க்கு முன்பே மகாராஷ்டிரத்தில் இருந்தது என்று தந்தை வழியில் காட்டினால்தான் இங்கே சான்றிதழ். மல்லிகாவின் மாமனாருடைய அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து இங்கே கிர்க்கியில் ராணுவத் தொழிற்சாலைக்கு மூட்டை தூக்க வந்தவர். அவர் வந்து இறங்கியதை எந்தக் காகிதமும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் மகனை இந்தப் பள்ளியில் சேர்த்திருக்கிறார். அந்தக் குடும்பம் அப்போதே இந்த ஊரில் இருந்ததற்கு உலகத்தில் இருக்கும் ஒரே எழுத்துச் சாட்சி நாலாவது மூட்டைக்குள், சாமந்திக்குக் கீழே இருந்தது. மூன்று ஞாயிறு உட்கார்ந்து அதைத் தேடிக் கண்டுபிடித்தவர் ராமசேஷனே. புதன்கிழமை வாருங்கள் என்று போன் செய்தவரும் அவரே. காலண்டரைப் பார்க்காதவரும் அவரே.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அம்பத்தஞ்சு வருஷமா பூஜைல வெச்சதத் தொட்டதில்ல" என்றார், யாரிடமோ. மல்லிகா ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான், எழுத்தாளன் என்ற முறையில், ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

அப்போது சுண்டல் பாத்திரத்தோடு ராமசேஷனின் மனைவி சாரதா மாமி மேலே வந்தார். நடந்ததைக் கேட்டார். பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"ஏன்னா, காத்தாலேந்து வாட்ஸப் படிக்கறேளே, அது மட்டும் படிப்பு இல்லையா?"

"அது வேற, சாரதா."

"என்ன வேற? பேப்பர் படிச்சேள். கேஸ் பில்லு படிச்சேள், திட்டவும் திட்டினேள். புனர்பூஜை நாளைக்குத்தான் பண்ணணும்னு அவ வந்து உங்ககிட்ட சொன்னாளா?" மாமி கை சரஸ்வதியைக் காட்டியது. "இப்பவே பண்ணுங்கோ. தயிர் சாதம் நான் கொண்டுவரேன். அவ கோச்சுண்டா என்னக் கோச்சுக்கட்டும்."

புதன், 11.50. புனர்பூஜை நடந்தது. படத்தைச் சிறிது வடக்கே நகர்த்திவைத்தால்தான் பூஜை முடிந்ததாகக் கணக்கு. அறையில் வடக்கு எது என்பதில் கணவன் மனைவிக்குள் கருத்து வேறுபாடு எழுந்தது. மல்லிகா தன் போனில் திசைகாட்டியைத் திறந்து நீட்டினார். இருவருமே தவறு. படம் ஜன்னலை நோக்கி இரண்டு அங்குலம் நகர்ந்தது.

புனர்பூஜை ஆனதும் புத்தகத்தை எடுத்து நாலு வரியாவது வாசிக்க வேண்டும் என்பது முறை. ராமசேஷன் நாலாவது மூட்டையை அவிழ்த்தார். வசம்பு வாசனை வந்தது. பக்கத்தை விரித்து மல்லிகா பக்கம் திருப்பினார். "நீங்களே படிங்கோ."

"தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் சார்."

"சரஸ்வதிக்கு ஒண்ணும் அவசரமில்ல."

மல்லிகா விரலைத் தாளில் வைக்காமல், ஓர் அங்குலம் மேலே பிடித்தபடி படித்தார். வரிசை எண். மாமனார் பெயர். அவருடைய அப்பா பெயர். தொழில்: கூலி. இருப்பிடம்: கிர்க்கி. சேர்ந்த தேதி, 1950க்கு முன்னால்தான். அடுத்த கட்டத்தில் நின்றார். சாதி என்று தலைப்பிட்ட கட்டம். இந்தப் பையனை எந்தப் பெஞ்சில் உட்காரவைப்பது என்று தெரிந்துகொள்வதற்காக அன்றைக்கு யாரோ அழகான கையெழுத்தில் எழுதிய ஒரு சொல். மல்லிகா அதையும் உரக்கவே படித்தார்.

"இதுதான் சார் வேணும்" என்றார்.

ராமசேஷன் பதிவேட்டைச் சிவப்புத் துணியில் சுற்றினார், மார்போடு அணைத்துக்கொண்டார், செருப்பை மாட்டினார். "வாங்கோ, நானே கொண்டுவரேன்" என்றார். அறையை விட்டு ஆவணம் வெளியே போனது அன்றுதான் முதல் தடவை.

புதன், மதியம் 2.40. ஒன்றரைக் கிலோமீட்டர், ஆட்டோ மீட்டரில் முப்பத்திரண்டு ரூபாய். (உள்ளூர்க்காரர் மராத்தியில் கேட்டால் மீட்டர் ஓடுகிறது.) அலுவலகத்தில் அன்று அவர்களுக்கும் ஆயுத பூஜைதான், கண்டே நவமி என்கிறார்கள். கம்ப்யூட்டருக்கு மஞ்சள் மாலை, ஸ்டேப்ளருக்குக் குங்குமம். சாப்பாட்டு இடைவேளை முடிந்து வந்த கவுன்டர் அம்மாள் துணியைப் பிரித்தார். துணியில் இருந்த சந்தனத்தைக் கண்டதும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு திறந்து, இரண்டு பக்கம் புரட்டி, "ஹே கோண் வாச்ணார்?" என்றார். இதை யார் படிப்பது என்று கேட்டதாக ராமசேஷன் எனக்குச் சொன்னார். முந்தைய நாள் அனுபவத்தில் எனக்கு அந்த அம்மாள்மீது உடனடியாகச் சகோதர பாசம் தோன்றியது.

மராத்தியில் பெயர்த்து, சங்கத்தின் தலைப்புத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். தலைப்புத் தாள் சங்கத்தில் இருந்தது. நான் ஓடினேன் என்று எழுத ஆசை, ஆட்டோவில்தான் போனேன். திரும்பி வந்தபோது மணி நாலு. ராமசேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, கட்டம் கட்டமாக எழுதினார். அந்த ஒரு கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. மல்லிகா குனிந்து, "எழுதுங்க சார்" என்றார். எழுதினார். 4.35க்கு முத்திரை விழுந்தது. மல்லிகா ரசீதை இரண்டு தடவை படித்துவிட்டு, அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். "தாராளமா" என்றார் ராமசேஷன்.

மாலைக் கூட்டத்தில் முப்பது பேர் இருந்தார்கள். என் பேச்சு முடிந்ததும் சுண்டல் மிகவும் பாராட்டப்பட்டது.

வியாழன், காலை 8.30. மதிய ரயிலைப் பிடிக்குமுன் விடைபெறப் போனேன். படியெல்லாம் ஆட்கள். பதினொரு பேரை எண்ணினேன். மல்லிகா எடுத்த படம் உறவுக் குழுவில் போய், அங்கிருந்து இன்னும் எங்கெங்கோ போயிருக்கிறது. ஒவ்வொருவர் கையிலும் ஆதார் நகல். தாத்தா பெயரும் கிர்க்கி, தாபோடி என்று இடமும் துண்டுத்தாளில் எழுதிய ஒரு பெண். சாகண் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு முடித்து, கம்பெனிச் சட்டையோடேயே வந்துவிட்ட ஒருவர்.

ராமசேஷன் வாசலில் நின்று, "ஞாயித்துக்கிழமை மட்டும்தான்..." என்று ஆரம்பித்தார். யாரும் நகரவில்லை. அவர் என்னைப் பார்த்தார். "உமக்குத் தமிழ் படிக்க வருமில்லையா? உட்காரும். எல்லாரும் கையக் கழுவித் தொடச்சுண்டு ஒவ்வொருத்தரா வாங்கோ."

ஒன்றரை மணி நேரம் பெயர் படித்தேன், இந்தத் தடவை நேராகவே வைத்து. சென்னையில் என் அப்பா படித்த பள்ளியின் பதிவேடு எங்கே இருக்கிறது, இருக்கிறதா இல்லையா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையே எனக்கு வந்ததில்லை. ஆவணக் காப்பகங்களைப் பற்றி நான் எழுதிய கட்டுரைகளில் எல்லாம் இந்த ஒரு தகவல் விடுபட்டிருக்கிறது.

ஐந்து பேருக்குக் கிடைத்தது. சாகண்காரருக்குக் கிடைக்கவில்லை. "இன்னொரு தடவ பாருங்க சார், தாத்தா பேரு ஏழுமலை" என்றார். இன்னொரு தடவை பார்த்தேன். இரண்டு ஏழுமலை இருந்தார்கள்; இருவருடைய அப்பா பெயரும் வேறு. அவர் தலையாட்டினார், ஆதார் நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், எழுந்தார்.

"இருங்கோ" என்றார் ராமசேஷன். "ஆறாவது ரொம்ப நொறுங்கியிருக்கு, இன்னும் பிரிக்கவே இல்ல. பக்கம் பக்கமாப் பிரிக்கணும்."

"எப்ப வரட்டும் சார்? ஞாயித்துக்கிழமையா?"

ராமசேஷன் மூட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். முடிச்சில் விரல் வைத்தபடி கொஞ்சம் யோசித்தார்.

"போய்த் தூங்கிட்டு, சாயங்காலம் வாங்கோ."