பொருக்கு உதிர்வதற்குள்

கொட்டகலைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் சண்முகவடிவின் வாயில் வராத சொல் ஒன்று உண்டு. ‘சாமி’ என்பதுதான் அது. அவள் புருஷன் பெயர் செல்லசாமி. கட்டியவன் பெயரைச் சொல்லக்கூடாது என்று மற்றப் பெண்களும்தான் இருந்தார்கள். வடிவோ அந்தப் பெயரில் பாதியைக்கூடத் தொடமாட்டாள். கோயிலுக்குப் புறப்பட்டால் இரண்டு கைகளையும் கூப்பிக் காட்டுவாள். எங்கே போகிறாள் என்று கேட்டவர்கள் அதை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

கொழுந்து பறிக்கிற மலையில் இது ஒரு விளையாட்டு.

“ஏய் வடிவு, மாரியம்மன் யாரு?” என்று பக்கத்து நிரையிலிருந்து மீனம்மா தொடங்குவாள். கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் அவள் அடுத்த வீட்டுக்காரி.

“அம்மன்.”

“முருகன்?”

“முருகன்தான்.”

“அம்மனு, முருகன், புள்ளையாரு எல்லாரையும் சேத்து என்னா சொல்லுவ?”

“மேல உள்ளவங்க.”

“மேல உள்ளவங்கன்னா பங்களாத் தொரைன்னுல்ல நெனச்சேன்!” என்பார் சின்னத்தம்பி கங்காணி. மலையே சிரிக்கும். வடிவும் கூடைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டு சிரிப்பாள். அப்போது அவளால் சிரிக்க முடிந்தது.

அவளைப் பெற்றவர்கள் இருவரும் தேயிலைக்கு அடியில் புதைந்து கிடந்தார்கள். பிறந்த பிள்ளைகள் இரண்டும் தங்கவில்லை. செல்லசாமியை விட்டால் அவளுக்கென்று ஆளில்லை. அவனும் அதை அறிந்தவன். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்தால் வேறெங்கும் போகமாட்டான். அவள் ரொட்டி சுடும்போது அடுப்படியிலேயே உட்கார்ந்திருப்பான்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு நாள், கடலுக்கு அக்கரையில் துறையூர்ப் பக்கம் இருந்த அவன் தாய் படுக்கையில் கிடப்பதாகச் செய்தி வந்தது. போகவேண்டும் என்றான். அந்த வருஷங்களில் அக்கரைக்குப் போவதும் வருவதும் முன்போல இல்லை. போனவர்களைத் திரும்பிவர விடுவதில்லை என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேசிக்கொண்டார்கள்.

“போகாதீங்க” என்றாள் வடிவு.

“பெத்தவ மொகத்தப் பாத்துட்டு ஓடியாந்துர்றேன். திரும்பி வர்றதுக்குக் கையில கடுதாசி இருக்கே, என்னா பயம்?”

புறப்படுவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை இருவரும் கொட்டகலைக் கடைத்தெருவுக்குப் போனார்கள். ரயில் நிலையத்துக்குக் கீழே பச்சை குத்துகிறவள் ஒருத்தி, கரியும் பச்சிலைச் சாறும் குழைத்த சிரட்டையோடு உட்கார்ந்திருந்தாள். செல்லசாமி நின்றுவிட்டான்.

“எம் பேர நீ வாயால சொல்லமாட்ட. கையாவது சொல்லட்டும்.”

பச்சை குத்துகிறவளுக்கு எழுத்துத் தெரியாது. செல்லசாமியே ஒரு கரித்துண்டை எடுத்து, வடிவின் இடது முன்கையில் தன் பெயரை எழுதினான். தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்து, மேலும் கீழுமாகக் கோணிக்கொண்டு இறங்கியது. அதன்மேல்தான் ஊசி போயிற்று. வடிவு பல்லைக் கடித்துக்கொண்டு அவன் சட்டையைப் பிடித்திருந்தாள்.

“மஞ்சளும் தேங்கெண்ணெயும் தடவு” என்றாள் பச்சை குத்துகிறவள். “தண்ணி படக்கூடாது. சொரியக்கூடாது. கருவாடு, கத்திரிக்கா தொடாத. பொருக்கு தானா உதிரணும். நீயா பிச்சா எழுத்து அதோட வந்துரும்.”

கப்பல் பிடிக்கத் தலைமன்னாருக்கு அவன் ரயிலேறிய அன்று, மேடையில் அவள் முந்தானையை வாயில் வைத்து அழுதாள். செல்லசாமி ஜன்னல் வழியாக அவள் கையைப் பிடித்து, வீங்கியிருந்த எழுத்துகள்மேல் ஊதினான்.

“அழுவாத. இந்தப் பொருக்கு உதிர்றதுக்குள்ள வந்து நிப்பேன், பாரு.”

ஆறுதலுக்குச் சொன்னதுதான். ஆனால் வடிவுக்கு அது கெடுவாகிப் போயிற்று.

முதலில் அவள் கையை ஒரு பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டாள். காலையில் பெரட்டுக்குப் போகுமுன் எண்ணெய் தடவி, பழைய வேட்டித் துணியைச் சுற்றி, மீனம்மாவிடம் நீட்டி முடிச்சுப் போடச் சொல்வாள். மழை வந்தால் கம்பளிக்குள் அந்தக் கையை இழுத்துக்கொண்டு ஒற்றைக் கையால் பறிப்பாள். அவள் கூடை நிறையாது.

“கை நோவுதா, இல்ல கையில உள்ளவரு நோவுறாரா?” என்று கங்காணி கேட்பார். அவர் குரலில் கோபம் இருக்காது.

எழுத்துகளின்மேல் கறுத்த பொருக்கு கட்டியது. அடுப்பு வெளிச்சத்தில் அதன்மேல் விரல் வைத்து, அவன் சொல்லிக் கொடுத்தபடி ஒவ்வொரு எழுத்தாகத் தாண்டுவாள். உதடு அசையாது. வாயைத் திறக்காமலே அவனைக் கூப்பிட்ட மாதிரி இருக்கும்.

பிறகு அரிப்பு எடுத்தது. காயம் ஆறுகிற அரிப்பு என்றாள் மீனம்மா. ஒரு நாள் துணியை அவிழ்த்தபோது முதல் எழுத்தின் ஓரத்தில் பொருக்கு விளிம்பு தூக்கி நின்றது. அக்கரையிலிருந்து ஒரு செய்தியும் இல்லை. வடிவு அன்று முழுக்கக் கட்டைவிரலால் அந்த விளிம்பை அழுத்திப் பிடித்தபடியே திரிந்தாள். மறுநாள் துணியோடு அது வந்துவிட்டது. கீழே புதுத்தோலில் எழுத்து பச்சையாக, அழகாக இருந்தது. அவள் அந்த அழகைப் பார்க்கவில்லை. உதிர்ந்த துணுக்கை அம்மன் படத்தின் பின்னால் செருகி வைத்தாள்.

மிச்சமும் உதிர்ந்துவிட்டால் கெடு முடிந்துவிடும். வராதவன் வராதவனாகவே போய்விடுவான். யாரிடமும் சொல்லாமல் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள்.

மறுநாளிலிருந்து மழை வரும்போது அந்தக் கை கம்பளிக்கு வெளியே இருந்தது. தேயிலை வாதுகள் கீறினாலும் விட்டுவிட்டாள். இரவில் கருவாடு சுட்டுத் தின்றாள். பொருக்கு தளர்ந்த இடத்தில் நகத்தை வைத்துக் கீறினாள். ரத்தம் வரும், மறுபடியும் பொருக்குக் கட்டும். கட்டியதைப் பார்த்தால்தான் அவளுக்குத் தூக்கம் வந்தது.

மீனம்மா கண்டுபிடித்தது நாற்றத்தை வைத்துத்தான்.

“கூறு கெட்டவளே, என்னா பண்ணி வச்சிருக்க? இது பச்சையா, புண்ணா?”

“இன்னும் ஆறலக்கா.”

“ஆற விட்டாத்தானே ஆறும்! நீயேதான் பிக்கிறியா?”

வடிவு கையைப் பின்னால் மறைத்தாள். பிறகு, “பொருக்கு உதிர்றதுக்குள்ள வர்றேன்னாங்கக்கா” என்றாள்.

திட்ட வந்த மீனம்மா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அன்று இரவே காய்ச்சல் கொதித்தது. விடிந்ததும் கங்காணி ஆள் பிடித்து அவளைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குத் தூக்கி அனுப்பினார். முன்கை பூசணிக்காய்போல வீங்கியிருந்தது. டிஸ்பென்சர் ஐயா கீறிச் சீழை எடுத்தார். அழுகிய சதையையும் சுரண்டினார். வடிவு கத்தவில்லை. “எழுத்துங்க, எழுத்துங்க” என்று மட்டும் முனகினாள்.

“எழுத்துப் போனாப் போவுது, கை மிஞ்சிச்சேன்னு இரு” என்றார் அவர். தன்மையாகத்தான் சொன்னார்.

கை மிஞ்சியது. கட்டு அவிழ்ந்தபோது மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே மெழுகு உருகி உறைந்த மாதிரி ஒரு தழும்பு இருந்தது. அதில் ஒரு கோடுகூட மிச்சமில்லை. முதல் எழுத்தை அவள் விட்டிருந்தால் அதுவாவது நின்றிருக்கும். அதையும் கீறியது அவள் நகம்தான்.

அதற்கப்புறம்தான் பாவா செய்தி கொண்டுவந்தார். கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தவர். அலுவலாக அக்கரைக்குப் போய்வந்திருந்தார். துணி எடுக்கப் போன வடிவையும் மீனம்மாவையும் அவரே கூப்பிட்டார்.

“புள்ள, ஒன்ட மாப்பிள்ளயக் கண்டேன். தனுஷ்கோடிக் கரையில நின்டாரு. கப்பல்ல ஏற உடல்லயாம். கடுதாசி செல்லாதுன்டுட்டாங்களாம். மறுபடி வந்து பாத்தும் சரிவரல்ல.”

“எப்பங்க வருவாங்க?”

பாவா கையிலிருந்த துணியை மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார். “இனி வர ஏலாது போல புள்ள.”

“என்னையக் கேட்டாங்களா?”

“கேக்காம? பச்சை ஆறிருச்சான்டுதான் மொதல்ல கேட்டாரு.”

வடிவு முந்தானையை இழுத்துக் கையை மூடினாள். “நீங்க என்னாங்க சொன்னீங்க?”

“எனக்கென்ன தெரியும்? இந்நேரம் நல்லா ஆறியிருக்கும்ன்டு சொன்னேன். சந்தோஷப்பட்டாரு.”

திரும்பிவரும் வழியெல்லாம் மீனம்மா அழுதுகொண்டு வந்தாள். வடிவு அழவில்லை.

அதன்பின் வருஷங்கள் கொழுந்தும் மழையுமாகப் போயின. அவனிடமிருந்து வந்த செய்திகள் குறைந்து, பிறகு நின்றே போயின. அங்கே என்ன ஆனான் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. ஒவ்வொரு திருவிழாவுக்கும் அவன் பெயரில் அர்ச்சனை செய்வதை மட்டும் விடவில்லை. தட்டை அவள் நீட்டுவாள், பெயரைப் பக்கத்தில் நின்று மீனம்மா சொல்வாள். அந்த ஒரு நாளில்தான் அந்தப் பெயர் அவள் காதில் விழும்.

அறுபத்து நாலாம் வருஷக் கடைசியில், புயலில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். கப்பல் அடைகிற துறையே இல்லையாம். “அவுக போன வழியும் போச்சா” என்றாள் வடிவு. அவ்வளவுதான் சொன்னாள்.

அடுத்த திருவிழாவுக்கு மீனம்மா இல்லை. மகளோடு நுவரெலியாப் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டாள். பூசாரி மாயாண்டியும் புதிது. கூட்டம் நெருக்கியது. வடிவு தேங்காய்த் தட்டை நீட்டினாள்.

“யாரு பேருக்கும்மா?”

யோசிக்காமல் அவள் இடது கையை நீட்டினாள். திருநீற்றுக்கு நீட்டுகிறாள் என்று நினைத்து, பூசாரி உள்ளங்கையில் ஒரு சிட்டிகை போட்டார்.

“பேரச் சொல்லும்மா.”

அவள் உதடு விரிந்தது. தொண்டைவரைக்கும் வந்தது. கட்டிய நாளிலிருந்து ஒருமுறைகூடச் சொல்லாத பெயர், இப்போதும் அங்கேயே நின்றுவிட்டது. பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள்.

“சரிசரி, சாமி பேருக்கே பண்ணிர்றேன்” என்று சொல்லிவிட்டுப் பூசாரி உள்ளே திரும்பினார். பேர் சொல்லத் தெரியாதவர்களுக்கு எல்லாக் கோயிலிலும் சொல்கிறதுதான்.

மணி அடித்தது. வடிவு ஓரமாக ஒதுங்கி நின்றாள். அவன் பெயரில் பாதி அவள் காதில் விழுந்திருந்தது. ஆனால் அது அவனுக்கு இல்லை. நெற்றியில் இட்டது போக விரலில் மிஞ்சியிருந்த திருநீற்றைத் தழும்பின்மேல் தடவினாள். வழுவழுப்பான அந்த இடத்தில் அது ஒட்டாமல் உதிர்ந்தது.