முதலில் வந்தவள்

எல்லாருக்கும் முன்னால் ஓடிவந்த மகள் அடுத்தவளிடம் நீட்டிய ரிலே கோல், கை நழுவி 'டங்'கென்று விழுந்தது. சிங்கப்பூரின் சுவா சூ காங் திடலில் எழுந்த சூடான ரப்பர் வாசனையும் அந்தச் சத்தமும் என்னைப் பதினான்கு வயதுக்குத் தள்ளிவிட்டன.

அன்றும் பள்ளி விளையாட்டு விழாதான். மூன்றாவதாக ஓடிய நான், எல்லாரையும் முந்திவந்து, கடைசியாக ஓடவேண்டிய லினாவின் கையில் கோலை வைத்தேன். வைத்ததாகத்தான் நினைத்தேன். அது தரையில் உருண்டது. எங்கள் அணி கடைசி.

ஜும்மா தொழுகைக்கு மட்டுமே மசாலாக் கடையைச் சாத்தும் அத்தா, அன்று எனக்காகச் சாத்திவிட்டு வந்திருந்தார். கூட்டமே "ஐயோ" என்றபோது அவர் மட்டும் எழுந்து நின்று கைதட்டினார். எனக்கு மானம் போனது.

பஸ்ஸில் அழுதேன். அவர் சட்டையில் சீரக வாசனை.

"ஏம்மா அழுவுறே? அந்தக் கோட்டுக்கு நீதானே மொதல்ல வந்தே?"

முகத்தில் சிரிப்பே இல்லை. அத்தாவுக்கு ஆட்டம் புரியவில்லையா, புரியாததுபோல் இருக்கிறாரா? எனக்கு விளங்கவில்லை. எரிச்சலில் கேட்கவும் இல்லை. இப்போது கேட்க அவர் இல்லை.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நீதானே மொதல்ல வந்தே?" என் வாய் சொல்லிவிட்டது.

அவள் முறைத்தாள். "அம்மா, ரிலே ரூல்ஸ் உங்களுக்கு நிஜமாவே தெரியாதா?"

"தெரியாது லா," என்றேன், பள்ளி அணியில் நான்கு வருடம் ஓடிய நான்.

அப்படியென்றால், அத்தா?